நாலாவது படம்

ஜூன் 12

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அம்மா, நம் ஸ்டுடியோ மூவரும் சௌக்கியம். மூன்றாவது ஆளுக்குத்தான் லேசான இருமல். மழை பிடித்துக்கொண்டால் யார் கல்யாணம் வைக்கிறார்கள், யார் படம் எடுக்கிறார்கள். உன் உடம்பு எப்படி? விடுதிச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குகிறதா?

திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்த நேரம் முழுக்க உன் அம்மா இங்கே போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை. எதிரே நின்று நான் கையை ஆட்டினால், "அப்பாவும் நல்லா இருக்காரு" என்று எனக்கும் சேர்த்து அவளே பேசி முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடை லெட்டர்பேடைத் தூசி தட்டி எடுத்தேன்.

நீ என்ன படிக்கிறாய் என்று பக்கத்துக் கடைத் தையற்காரர் கேட்டார். தொலைநோக்கி கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைமேல் இருக்கிறது, அங்கே இரவென்றால் இங்கே பகல், பிள்ளைகள் இங்கே உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக அதைத் திருப்பிப் படம் எடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். "பகல்ல நட்சத்திரமா? அதை நான் கல்யாணமான வருஷமே பாத்துட்டேன்" என்றார். நானும் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கையால் பார்த்தவன்தான். அதோடு என் படிப்பும் முடிந்தது.

போன வாரம் ஒரு கல்யாண குரூப் படம். மாப்பிள்ளையின் மாமா சொல்லிவைத்த மாதிரி கண்ணை மூடிவிட்டார். வேறொரு படத்திலிருந்து அவர் கண்ணை எடுத்து வைத்துத் திறந்துவிட்டேன். ஆனாலும் உன் கைப்பக்குவம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் நீ ஒட்டின கண்ணை அந்த ஆளின் மனைவியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லையே. நீ போன பிறகு எங்கள் குரூப் படங்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

வருஷக் கடைசியில் உங்களில் ஒருவரைத்தான் அந்த மலைக்கே அனுப்பிப் படிக்க வைப்பார்களாமே. அம்மா சொன்னாள். அந்த ஒருவர் யார் என்பதில் இந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

இப்படிக்கு
உன் அப்பா

~

ஜூன் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? கடையின் இருமலுக்கு மருந்து கிடைத்ததா? உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அறைத்தோழிகள் தையற்கார மாமாவுக்கு ரசிகைகள் ஆகிவிட்டார்கள்.

நாங்கள் செய்வது இதுதான். வானத்தில் ஒரே இடத்தைச் சிறிது நேரம் விட்டு விட்டு நான்கு படம் எடுப்போம். நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி மட்டும் தத்தித் தத்தி நகர்ந்தால் அது சிறுகோள். யாரும் இதுவரை பார்க்காததாக இருந்தால் கண்டுபிடித்தவர் பெயர் பதிவாகும். அந்த ஆளைத்தான் மலைக்கு அனுப்புவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்.

இங்கே மற்றவர்கள் எல்லாம் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள், அப்பா. சிலர் வீட்டிலேயே தொலைநோக்கி இருக்கிறது. "உங்க வீட்ல என்ன இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு புள்ளி கிடைத்திருக்கிறது. மூன்று படத்தில் அழகாக நகர்கிறது. நாலாவது எடுக்கும்போது மலையில் மேகம் வந்துவிட்டது போல, அதில் இல்லை. நாலிலும் இருந்தால்தான் எங்கள் பயிற்சித் தலைவர் மேடம் அறிக்கையை ஏற்பார். மறுபடி எங்கள் முறை வருவதற்குள் புள்ளி எங்கோ போய்விடும்.

இந்தக் கடிதத்தோடு வரும் பென் டிரைவில் படங்களை வைத்திருக்கிறேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று ஒரு நப்பாசை.

அன்புடன்
உங்கள் மகள்

~

ஜூலை 10

அன்பு மகளுக்கு,

எல்லாரும் சுகம். உன் சளி விட்டுவிட்டதா? அம்மா கேட்கச் சொன்னாள். நீ எனக்குத் தனியாக எழுதிய விஷயத்தை வாயைத் திறக்காமல் காப்பாற்றி வருகிறேன். சொல்ல நாக்கு துடிக்கிறது, அது வேறு.

உன் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒரு ஃபைலும் திறக்கவில்லை. "இது என்ன வகை என்று எனக்குத் தெரியாது" என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. எனக்கும் தெரியாது என்று நானும் ஒத்துக்கொண்டேன். தையற்காரரின் மருமகன் வந்து பார்த்தான். இதற்கென்று தனி மென்பொருள் வேண்டும், அதைப் போட்டால் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்று கூறிவிட்டுப் போனான். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடப் போகிறதென்று உடனே உருவிவிட்டேன். வந்தபடியே, பாஸ்போர்ட் பட உறையில் பத்திரமாக வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வானத்தை உறைக்குள் போட்டு அனுப்பிய ஸ்டுடியோக்காரன் நான் ஒருவன்தான்.

நாலாவது படத்தில் இல்லை என்று வருத்தப்படாதே. நம் கடையாக இருந்தால் பக்கத்துப் படத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டி, மாமாவின் கண்ணைத் திறந்த மாதிரி திறந்துவிடலாம். வானத்திடம் அந்த வேலை செல்லாது போலிருக்கிறது. வேறு புள்ளி கிடைக்காமலா போய்விடும். அவ்வளவு பெரிய வானம்.

உன் அப்பா

~

ஆகஸ்ட் 3

அப்பா,

நலம், நலம், நலம். இனி அம்மாவிடம் சொல்லலாம்.

அறிக்கை கொடுத்துவிட்டேன். மேடம் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மலையில் உள்ளவர்கள் சரிபார்த்து முடித்ததும் அதிகாரபூர்வமாகிவிடும். ஸ்டூலைப் பற்றி அன்றைக்குச் சொல்லாதவள் இன்றைக்குச் சொல்லிவிட்டேன், எல்லாரும் கைதட்டினார்கள்.

நாலாவதிலும் இருந்தது. முதலில் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

நேரமில்லை. பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் மகள்

~

ஆகஸ்ட் 15

அன்பு மகளுக்கு,

சுகமா? இங்கே சுகத்துக்குக் குறைவே இல்லை. அம்மா தெருவில் பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்துகிறாள். தபால்காரர் இப்போது எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கேள்வி.

நான் அடக்கமானவன். ஆகவே உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, "புதிய சிறுகோளைக் கண்டுபிடித்த மாணவி எங்கள் மகள்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கடைக் கண்ணாடியில் மட்டும் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி சின்னது, இல்லாவிட்டால் இன்னும் பெரிதாகப் போட்டிருப்பேன்.

உன் கோளுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்கிறாள் அம்மா. எந்நேரமும் யாரையாவது சுற்றிக்கொண்டே இருப்பது என்றால் அது அவளுக்குப் பொருத்தம்தான் என்றேன். அன்றைக்கு எனக்கு டீ கிடைக்கவில்லை.

நாலாவதிலும் இருந்ததா? நல்ல கண் உனக்கு.

உன் அப்பா

~

செப்டம்பர் 22

அன்பு மகளுக்கு,

நலமா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் காணோம். காகிதம் தீர்ந்துவிட்டதென்றால் நம் கடை லெட்டர்பேடு பாதியை அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இரண்டு வார்த்தைதான் பேசினாயாம். அதில் ஒன்று, அப்பாவைத் தேடி எங்கள் பயிற்சி மையத்திலிருந்து யாராவது போன் பண்ணினார்களா என்று. யாரும் பண்ணவில்லை. என்னைத் தேடுகிறவர்கள் எல்லாம் மூன்று காப்பி, வெள்ளைப் பின்னணி கேட்கிறவர்கள்தான். ஏன் கேட்டாய்?

அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை. உன் குரல் கம்மியிருக்கிறது என்று அவள் சரியாகத் தூங்குவதில்லை. ஒரு வரி எழுது.

அப்பா

~

அக்டோபர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே.

மலையில் மூலப் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே நாலாவது படத்தில் புள்ளி இல்லை. என் அறிக்கையில் இருக்கிறது. அதுவும் பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் அச்சு அசலாக இருக்கிறதாம். வானத்தில் இரண்டு புள்ளி அப்படி இருக்கவே இருக்காதென்று மேடம் பெரிதாக்கிக் காட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த பென் டிரைவ் நம் கடைக்கு வந்து திரும்பியது என்று சொன்னேன். அதிலிருந்த படங்களைத்தான் அறிக்கையில் வைத்தேன் என்றும் சொன்னேன். மேடம் உங்களிடமிருந்து எழுத்தில் கேட்கிறார். வராவிட்டால் இந்த மாதத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கீழே இருப்பதை அப்படியே உங்கள் கையெழுத்தில் எழுதி மேடத்துக்கு அனுப்புங்கள்:

"என் மகள் பிரிண்ட் போட அனுப்பிய படங்களை என் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மூன்று படத்தில் இருந்த புள்ளி நாலாவதில் இல்லாததைக் குறை என்று நினைத்து, கல்யாணப் படங்களில் மூடிய கண்ணைத் திறப்பது போல, பக்கத்து நட்சத்திரம் ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன். இது தவறென்று எனக்குத் தெரியாது. மகளிடம் சொல்லவும் இல்லை. அவள் அறியாமல் அதையே அனுப்பிவிட்டாள். இது என் அறியாமையால் நேர்ந்தது."

உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அப்பா. உங்களை யாரும் எதிலிருந்தும் நீக்க முடியாது. நன்றாக யோசித்துப் பாருங்கள், நீங்களே பழக்க தோஷத்தில் செய்திருக்கலாம்.

தயவுசெய்து சிரிப்புத் துணுக்கு எதுவும் சேர்க்க வேண்டாம்.

மகள்

~

அக்டோபர் 9

அன்பு மகளுக்கு,

நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ சொன்னபடியே எழுதி மேடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. "அறியாமை" என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் ஊறிவிட்டது. அது துணுக்கு இல்லை, பேனாதான் மோசம்.

நீ யோசித்துப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். வயதாகிவிட்டது, கை எங்கே போகிறது என்று நமக்கே தெரிவதில்லை. நீ சொன்ன பிறகு செய்த மாதிரிதான் இருக்கிறது.

உன் கடிதம் அம்மா கண்ணில் படாமல் கிழித்துவிட்டேன். ஆனால் மேடத்துக்கு எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் அவள் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். கையில் காகிதத்தோடு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படியில் நின்றாள்.

"ஒரே வார்த்தை சொல்லுங்க. அதைத் தொட்டீங்களா, தொடலையா?"

"தொட்டேன்."

"புள்ளை வாழ்க்கையில கூடவா டச்சப் பண்ணணும் உங்களுக்கு?"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, ஆள் வருவதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளிடம் மாற்றி எதுவும் சொல்லிவிடாதே. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் நிற்கும்.

அப்பா

~

அக்டோபர் 31

ஐயா,

தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஓர் ஆய்வுப் படத்தை அலங்காரப் படமாகக் கருதியது எத்தகைய தீங்கு என்பதைத் தாங்கள் முழுமையாக உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. தங்களைக் குறை கூறிப் பயனில்லை. கல்வி வாய்ப்பு கிடைக்காதவர்களிடம் கவனத்தை எதிர்பார்ப்பது முறையல்ல.

தங்கள் மகள் எங்கள் முன் கண்ணீர் விட்டாள். தந்தையைக் காட்டிக்கொடுக்க அவள் பட்ட வேதனையை நாங்கள் நேரில் கண்டோம். அவளது நேர்மையைக் கருதி, கண்காணிப்பின் கீழ்ப் பயிற்சியைத் தொடர அனுமதித்திருக்கிறோம். இனி அவளுடைய பணி தொடர்பான எந்தப் பொருளும் தங்கள் கைக்கு வரக் கூடாது. மையத்துக்கு நேரில் வருவதையும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு எச்சரிக்கைப் பாடமாகத் தங்கள் கடிதத்தைப் பயன்படுத்துவோம். பெயர் இடம்பெறாது. தொழில் மட்டும் குறிப்பிடப்படும். மறுப்பு வராவிடில் சம்மதம் எனக் கொள்வோம்.

பயிற்சித் தலைவர்

~

டிசம்பர் 14

அன்பு மகளுக்கு,

எப்படி இருக்கிறாய்? குளிர் காலத்தில் உனக்கு மூச்சு இழுக்கும், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று புரிகிறது. அம்மா முழங்கால் தேவலை. அது தைலக்கடைக்காரரிடம் அவள் சொல்லும்போது என் காதில் விழுந்த தகவல்.

இங்கே நான் பிரபலமாகிவிட்டேன். நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தையும் உங்கள் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே திரையில் ஒரு கடிதம் காட்டினார்களாம், ஒரு ஸ்டுடியோக்காரர் எழுதியது. பெயர் இல்லை. ஆனால் நம் கடைக் கண்ணாடியில் நான் ஒட்டியிருந்தேனே, கொட்டை எழுத்தில். கழற்ற மறந்துவிட்டேன். பிள்ளைகள் படித்த பிள்ளைகள், இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பள்ளி விட்டு வரும்போது கும்பலாகக் கண்ணாடியில் மூக்கை வைத்து, "அங்கிள், நட்சத்திரம் ஒட்டினது நீங்கதானா?" என்று கேட்டார்கள். ஆமாம், ஒரு டஜன் வேண்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள்.

பெரியவர்கள் சிரிப்பதில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த ஓர் அம்மாள், "இருக்கறது இருக்கற மாதிரியே வரணும். நீங்க எதையும் சேத்துடாதீங்க" என்றாள். மச்சத்தைத் தொட்டுக் காட்டி வேறு சொன்னாள். குரூப் படத்துக்கு இப்போது ஆற்றங்கரைப் பக்கம் உள்ள ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். தையற்காரர் மட்டும் தைரியமாகக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அவரும் கண்ணை மூடிவிட்டார். அப்படியே கொடுத்துவிட்டேன்.

நீ அங்கே நிலைத்துவிட்டாய், அது போதும். நேரம் கிடைத்தால் எனக்கென்று ஒரு வரி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அப்பா

~

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

என்னை மலைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஜனவரியில் எடுத்த படங்களில் ஒரு புள்ளி கிடைத்தது, நாலிலும். மலையிலும் சரிபார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் வாரம் பாராட்டு விழா, பெற்றோரை அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா மட்டும் வரட்டும். மேடம் இருப்பார், புதிய மாணவர்கள் எல்லாரும் இருப்பார்கள், உங்களைப் பார்த்தால் அந்தப் பேச்சு மறுபடி கிளம்பும். உங்களுக்கே சங்கடமாக இருக்கும். அன்றைக்கு நீங்கள் செய்த காரியத்தால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இத்தனை மாதம் எழுதாததற்கும் அதுதான் காரணம். இப்போது கோபம் இல்லை, அப்பா. மன்னித்துவிட்டேன். அறியாமல்தானே செய்தீர்கள்.

விழா மலரில் போடவும் மேடையில் வைக்கவும் என் படம் பெரிதாக வேண்டும். இங்கே எடுத்த ஒன்றைப் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். சாதாரணப் படம்தான், உங்கள் கம்ப்யூட்டரில் திறக்கும். வலது கண் பாதி மூடியிருக்கிறது, மறுபடி எடுக்க நேரமில்லை. நீங்கள் எப்போதும் செய்வது போல அதைத் திறந்து, பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள்.

மகள்

~

மார்ச் 1

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமாக இருப்பதை நாளை மறுநாள் அம்மா நேரிலேயே பார்த்துவிடுவாள்.

நீ மலைக்குப் போகும் செய்தியைத் தையற்காரரிடம் மட்டும் சொன்னேன். கண்ணாடியில் எதுவும் ஒட்டவில்லை, பயப்படாதே. நாலிலும் இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். சந்தோஷம்.

விழாவுக்கு நான் வராதது நல்லதுதான். வந்தால் அங்கே எனக்கு எந்த நாற்காலி போடுவது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும். அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்திருப்பேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பேச்சுத் துணை ஆகும்.

நீ என்னை மன்னித்துவிட்டதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பெற்ற பிள்ளையே மன்னித்த பிறகு தான் மட்டும் முறைத்துக்கொண்டு இருப்பது சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நேற்று எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "சூடா இருக்கு" என்றாள். ஐந்து மாதம் கழித்துக் கேட்ட குரல், முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். அவளிடம் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அங்கே யாராவது கேட்டால் அவள் நம்புவதைத்தான் சொல்வாள். நீ தைரியமாக இரு.

அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. முழங்காலை நீட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்.

ஒட்டி அம்மா கையில் கொடுத்தனுப்பும் இந்த உறைக்குள்தான் உன் படம் இருக்கிறது. இந்த முறை கம்ப்யூட்டர் ஒரே தட்டில் திறந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன், கொஞ்சம் மெலிந்திருக்கிறாய். வலது கண் நீ சொன்ன மாதிரி பாதிதான் திறந்திருக்கிறது. இடது கண்ணை எடுத்துத் திருப்பி வைத்தால் போதும், உனக்குத் தெரியாத வேலையா. மத்தியானம் முழுக்க மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்தபடியே பிரிண்ட் போட்டுவிட்டேன்.

இதிலும் நான் கை வைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா